சுற்று குறைவு என்பதற்காகப் பழைய ஃபேனைத் தள்ளிவிடாதீர்கள்

கேள்வி: பழைய சீலிங் ஃபேன்களைச் சேகரிக்கிறேன். இப்போது கையில் மூன்று இருக்கின்றன. வார்ப்பிரும்பு உடம்பும் நான்கு இறக்கையும் உள்ள பழையது ஒன்று, அலுமினிய உடம்பில் மூன்று இறக்கை உள்ளது ஒன்று, புதிதாக வாங்கிய பிஎல்டிசி (எலெக்ட்ரானிக் போர்டில் ஓடி, மின்சாரம் குறைவாக இழுக்கும் ரகம்) ஒன்று. ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எடுத்துப் பார்த்தேன். புதியது 350-ஐத் தாண்டுகிறது, பழையது 210-க்கு மேல் போகவே இல்லை. பழைய ஃபேன் வாங்கி விற்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, காயில் (மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச்சுற்று) போய்விட்டது, ரீவைண்டிங் செய்தால், அதாவது கம்பியைப் புதிதாகச் சுற்றினால், புதுசு போல ஓடும், இல்லையென்றால் எடைக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். எது நல்ல ஃபேன் என்று எப்படித்தான் முடிவு செய்வது?

பதில்: அந்த ஃபேனை அவர் கையில் கொடுக்காதீர்கள். ரீவைண்டிங்குக்கும் வேண்டாம், எடைக்கும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரைக் கீழே நின்று பார்த்தே 'காயில் போச்சு' என்று ஒருவர் சொன்னால், அவர் சோதித்தது மோட்டாரை இல்லை, உங்களை. காயில் நிஜமாகவே போயிருந்தால் எரிந்த வார்னிஷ் வாடை வரும், கரகரவென்று உறுமும், இழுக்கிற வாட்ஸ் ஏறியிருக்கும், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்துத் தொட்டுப் பார்த்தால் கையை வைத்திருக்க முடியாத அளவுக்கு உடம்பு கொதிக்கும். நீங்கள் இவற்றில் எதையுமே எழுதவில்லை. சுற்று குறைவு என்பது மட்டும்தான் உங்கள் புகார், அதுவும் வேறொரு ஃபேனோடு ஒப்பிட்டதால் வந்த புகார்.

ஒரு ஃபேன் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பதை இறக்கையின் அகலம், அதன் சாய்வு, இறக்கை வட்டத்தின் விட்டம், சுற்றும் வேகம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. பழைய கனமான ஃபேன்களில் இறக்கை அகலமாக, நன்றாகச் சாய்ந்து இருக்கும், மோட்டார் மெதுவாகச் சுற்றி அதை இழுக்கும். பிறகு வந்த மூன்று இறக்கை ஃபேன்களில் இறக்கை ஒடுங்கியது, சாய்வு குறைந்தது, அதை ஈடுகட்ட வேகம் கூடியது. அப்புறம் மோட்டாருக்குள் எத்தனை துருவம் (காயில் உண்டாக்குகிற காந்த முனை) என்பது ஒன்று இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 14 துருவ மோட்டாரின் மேல் எல்லை நிமிடத்துக்கு 428 சுற்று, 18 துருவம் என்றால் 333, 24 துருவம் என்றால் வெறும் 250. சாதாரண மோட்டார் எதுவும் இந்த எல்லைக்குச் சற்றுக் கீழேதான் ஓடும். உங்கள் பழையது 24 துருவக்காரன் என்றால் 210 என்பது அதற்கு நல்ல வேகம். பிஎல்டிசிக்கு இந்தக் கணக்கு கிடையாது, அதன் வேகத்தை உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக் போர்டு தீர்மானிக்கிறது.

உண்மையிலேயே வேகம் விழுந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் முதலில் கண்டன்சரை (மோட்டாரோடு இணைத்திருக்கும் சின்ன மின்தேக்கியை) பாருங்கள். சத்தமே இல்லாமல் தேய்வது அதுதான். மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருக்கும், மீட்டரில் வைத்தால் 1.8 காட்டும், ஃபேன் மந்தமாகும், பழி மட்டும் காயில் மேல் விழும். அச்சில் உள்ள அதே அளவில் புதிது போடுங்கள். 'ஒரு சைஸ் பெரிசா போட்டுடலாம், பறக்கும்' என்பார்கள். பறக்கும்தான், ஆனால் உள்ளே காயில் வேகும், சில மாதம் கழித்து அதே ஆளே ரீவைண்டிங்குக்கு வந்து நிற்பார். கண்டன்சருக்கு அடுத்தது பேரிங்கில் காய்ந்துபோன கிரீஸ். கண்டன்சரே இல்லாத பழைய மோட்டார்களும் உண்டு, அதில் யாரையும் புதிதாக ஒன்றைச் சேர்க்க விடாதீர்கள்.

சரி, ஒப்பிடுவது எப்படி? மூன்றையும் ஒரே அறையில், ஒரே கொக்கியில், ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுங்கள். இறக்கைக்கும் கூரைக்கும் நடுவே 30 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், கூரையை ஒட்டினால் எந்த ஃபேனும் மூச்சு முட்டும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடியாக இணையுங்கள். மல்டிமீட்டரில் வோல்டேஜ் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சாயங்காலம் 210 வோல்ட்டில் ஓடிய ஃபேனையும் காலையில் 240-இல் ஓடிய ஃபேனையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் அது ஒப்பீடே இல்லை. ஒரு மணி நேரம் ஓடி மோட்டார் சூடான பிறகுதான் கணக்கெடுக்க வேண்டும். ஆர்பிஎம் செயலிகளை நம்பாமல், ஒரு இறக்கையின் அடியில் வெள்ளை டேப் ஒட்டி, மொபைலில் வினாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் படம் பிடியுங்கள். டேப் ஒரு முறை சுற்றி வர 48 சட்டகம் ஆனால் வேகம் சரியாக 300.

காற்றை அளப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். காற்றுமானியை (காற்று வேகத்தை அளக்கும் கருவியை) கையில் பிடித்துக்கொண்டு அதிகமாகக் காட்டுகிற இடத்தைத் தேடி, அந்த எண்ணை எடுத்துப் பெருமையாக எழுதிவிடுகிறார்கள். அது ஃபேனின் எண் இல்லை, அந்த ஒரு இடத்தின் எண். மையத்துக்கு நேர் கீழே தொடங்கி, ஒரே உயரத்தில், 10 சென்டிமீட்டருக்கு ஒரு அளவாக வெளிப்புறம் நகர்ந்து, காற்று ஓய்கிற இடம் வரைக்கும் எடுக்க வேண்டும். எடுத்த அளவுகளை அப்படியே சராசரி போடவும் கூடாது. மையத்திலிருந்து 10-க்கும் 20-க்கும் நடுவில் உள்ள வளையத்தைவிட 50-க்கும் 60-க்கும் நடுவில் உள்ள வளையம் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல் பெரியது, அங்கே வீசுகிற காற்றுக்கு அவ்வளவு கனம் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு வளையத்தின் பரப்பையும் அங்கே கிடைத்த காற்று வேகத்தையும் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் அந்த ஃபேன் தள்ளுகிற காற்று. இறக்கை விட்டத்தையும் மறக்காதீர்கள். 1200 மில்லிமீட்டர் ஃபேனைவிட 1400 ஃபேனின் வட்டம் பரப்பில் 36 சதவீதம் பெரியது. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமே இல்லை.

அட்டைப்பெட்டியில் 'ஒரு வாட்டுக்கு இத்தனை கனமீட்டர் காற்று' என்று போடுகிறார்களே, அதை வைத்து மட்டும் தரவரிசை போடாதீர்கள். நிமிடத்துக்கு 210 கனமீட்டர் காற்றை 30 வாட்டில் தரும் ஃபேனுக்கு அந்த எண் 7 வரும். 240 கனமீட்டரை 75 வாட்டில் தரும் ஃபேனுக்கு 3.2 வரும். மின்கட்டணத்துக்கு முதலாவது, காற்றுக்கு இரண்டாவது. ஒற்றை எண்ணில் இது தெரியவே தெரியாது. அதுவும் முழு வேகத்தில் எடுத்த எண். ராத்திரி முழுக்க மெதுவாக ஓடுகிற ஃபேன் அந்த வேகத்தில் எவ்வளவு காற்று தரும், எவ்வளவு சத்தம் போடும் என்று பெட்டியிலேயே போட்டால் என்ன? வேகம் பாதியானால் இறக்கை கேட்கிற சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறையும். அந்தச் சேமிப்பை பிஎல்டிசி பெரும்பாலும் அப்படியே கொடுத்துவிடும், பழைய மின்தடை ரெகுலேட்டர் அதில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடிக்கும். வாங்குகிறவனுக்கு வேண்டிய தகவல் இதுதான், ஆனால் பெட்டியில் பாதி இடத்தை நட்சத்திரமும் பூப்படமும் பிடித்துக்கொள்கின்றன. அதனால் நீங்களே, மூன்று ஃபேனும் ஒரே அளவு காற்று தருகிற நிலைக்குக் கொண்டுவந்து, அப்போது எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், தெரியாமல் செய்தால் ஃபேனே போய்விடும். பழைய வார்ப்பிரும்பு ஃபேன்களில் சிலவற்றுக்குப் பேரிங் கிரீஸில் ஓடாது, எண்ணெயில் மிதந்து ஓடும். அமெரிக்க ஹண்டர் கம்பெனியின் 'ஒரிஜினல்' என்ற ஃபேன் இந்த ரகம்தான். உடம்பில் எண்ணெய் ஊற்ற ஒரு சின்னத் துளை இருக்கும், திருகோ மூடியோ போட்டிருக்கும், மேலே பெயின்ட் அடித்து மறைத்தும் இருப்பார்கள். உங்களுடையதில் அப்படித் துளை இருந்தால், எண்ணெய் அளவு பார்க்காமல் சுவிட்சைப் போடவே கூடாது. வண்டியில் படுக்க வைத்துக் கொண்டு வந்திருந்தால் எண்ணெய் முழுக்க வழிந்து காயில் பக்கம் போயிருக்கும், அந்த நிலையில் ஓட்டிப் பார்த்து 'சத்தம் வருது, மோட்டார் மோசம்' என்று முடிவு கட்டுவது அந்த ஃபேனுக்குச் செய்கிற கொடுமை. டிடர்ஜென்ட் கலக்காத, மின்மோட்டாருக்கான மெல்லிய எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், காருக்குப் போடுகிற எண்ணெய், கிரீஸ் எதுவும் ஆகாது. கழற்றும்போதும் கொண்டுபோகும்போதும் நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைக்காமல் முடியாது என்றால் எண்ணெயை முன்பே வடித்துவிடுங்கள்.

வெளிநாட்டு ஃபேன் வாங்க ஆசை வந்தால் இதையும் கேளுங்கள். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஃபேனோடு ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்து விற்று 'பிரச்சினையே இல்லை' என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. 50 ஹெர்ட்ஸில் அதே 120 வோல்ட் கொடுத்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டே கூடுதலாகச் சூடேறும். 100 வோல்ட்டுக்கு இறக்கினால் பிழைக்கும், ஆனால் அதன் அசல் வேகத்தை நீங்கள் பார்க்கவே முடியாது. அந்த அளவை வைத்து அது மட்டமான ஃபேன் என்று எழுதிவிடாதீர்கள்.

பழைய ஃபேன் வாங்கி விற்பவர்கள் விஷயம் இன்னும் இருக்கிறது. நான்கு இறக்கையையும் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். ஒரே செட் என்றால் கிட்டத்தட்ட ஒரே எடை காட்டும், ஒன்று மட்டும் விலகினால் வேறு ஃபேனின் இறக்கையைச் சேர்த்திருக்கிறார்கள், அந்த ஃபேன் ஆடுவதற்கு மோட்டாரைத் திட்டிப் பயனில்லை. பெயர்ப்பலகை ரிவெட் புதிதாகப் பளபளத்தால் பலகை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மாட்டுவதற்கு முன் ராடில் உள்ள ஸ்பிளிட் பின்னை (ஃபேன் கழன்று விழாமல் தடுக்கும் பிளந்த ஊசியை) கட்டாயம் புதிதாகப் போடுங்கள், துணி சுற்றிய பழைய ஒயர் விரலில் பொடிந்தால் மின்சாரமே கொடுக்காதீர்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் ரீவைண்டிங் தேவை என்றால், அது மல்டிமீட்டர், மெக்கர் (மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் கருவி) போன்றவற்றால் சோதித்துத் தெரிந்திருக்க வேண்டும், ஒருவர் வாயால் இல்லை. அப்போதும் மோட்டாரை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பழைய கம்பியின் கனத்தையும், ஒவ்வொரு காயிலிலும் எத்தனை சுற்று என்பதையும் எழுதி வாங்குங்கள். செம்பு இருந்த இடத்தில் அலுமினியம் வைக்கிற வேலை நிறைய நடக்கிறது, கழற்றிய பழைய செம்பும் சத்தமில்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போகிறது. அந்தப் பழைய காயிலைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.