அகழிச் சேற்றில் நின்ற கால்கள்

கேள்வி: முதல் உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியம் பதுங்குகுழிகளில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கால் அழுகியதாமே, பனியாலா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உறைபனி தேவையில்லை, ஈரமும் குளிரும் போதும். முழங்கால் சேற்றில் மணிக்கணக்காக அசையாமல் நின்றால் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். முதலில் கால் மரத்துப்போகும். வலி இல்லாததால் பையன்கள் கவனிக்கமாட்டார்கள், அதுதான் ஆபத்து. பிறகு வீங்கி, நீலம் பாய்ந்து, முற்றினால் விரலையோ பாதத்தையோ வெட்டியெடுக்க வேண்டியதுதான். இறுக்கமான பூட்ஸும், கெண்டைக்காலில் இறுக்கிச் சுற்றிய கம்பளிப் பட்டையும் நிலைமையை மோசமாக்கின. நனைந்தால் அந்தப் பட்டை இன்னும் இறுகும்.

1914–15 குளிர்காலத்தில் பட்ட அடிக்குப் பிறகு கண்டிப்பான முறை வந்தது. பூட்ஸைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, திமிங்கில எண்ணெய் தேய்த்து, உலர்ந்த காலுறை மாட்ட வேண்டும். இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் காலை மற்றவர் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், எண்ணெயைவிட இதுதான் அதிகம் காப்பாற்றியிருக்கும். மரத்த காலை நெருப்பருகே காட்டக் கூடாது, சுடுவதே தெரியாது. சேற்றின்மேல் மரச்சட்டப் பலகைகளும் பரப்பினார்கள்.

போரின் பெரும்பகுதியில், வெளிநாட்டுப் போர்முனைக்குப் போகக் குறைந்தது 19 வயது என்பது விதியாக இருந்தது. வயதைக் கூட்டிச் சொல்லி வந்த சிறுவர்களும் அந்தச் சேற்றில் நின்றார்கள்.