அண்ணன் மீண்டுவிட்டார், நான் ஏன் மீளவில்லை?

கேள்வி: எனக்கு 34 வயது. நான்கு மாதங்களுக்கு முன் அண்ணனும் நானும் சென்ற கார் விபத்துக்குள்ளானது. இருவருக்கும் சிறு காயங்கள்தான். அண்ணன் இரண்டே வாரத்தில் மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டார். எனக்கோ பிரேக் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. தூக்கத்தில் விபத்து திரும்பத் திரும்ப வருகிறது. காரில் ஏறுவதே இல்லை. சிறுவயதில் அப்பா குடித்துவிட்டு அம்மாவையும் என்னையும் அடிப்பார். அண்ணன் அப்போது விடுதியில் படித்தார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? நான் கோழையா?

பதில்: நீங்கள் கோழை இல்லை. தொடர்பு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பி.டி.எஸ்.டி. எனப்படும், அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மன அழுத்த நோயுடையவையாக இருக்கலாம்.

ஆபத்தின்போது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி ஆகிய மூன்றும் வரிசையாக இயங்கிக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கின்றன. அந்தக் கார்டிசாலே மூளைக்குச் சென்று, போதும் என்று சுரப்பை அடக்குகிறது. எப்போது அடி விழுமோ என்று காத்திருந்தே வளரும் குழந்தைக்கு இந்த அடக்கும் ஏற்பாடு தடம் மாறிவிடக்கூடும். சிறுவயதில் வன்முறைக்கு ஆளான பெண்களைப் பிறர் முன் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்தது 2000இல் வெளியான ஓர் ஆய்வு. அந்தச் சிறு நெருக்கடிக்கே அவர்களுடைய பிட்யூட்டரி, அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனை மற்றவர்களைவிட அதிகமாகச் சுரந்தது. நீங்கள் சந்தித்ததோ விபத்து. எஃப்.கே.பி.பி.5 என்ற மரபணுவின் சில வகைகள் இருப்பவர்களிடம் சிறுவயதுக் கொடுமையின் தாக்கம் இன்னும் கூடுகிறது. இதற்காகக் கார்டிசால் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். பி.டி.எஸ்.டி. உள்ள பலருக்கு அதன் அளவு குறைவாகக்கூட இருக்கும். அதை வைத்து நோயைக் கண்டறிய முடியாது.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. 77 ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் வெளியான அலசலில், குழந்தைப் பருவத் துன்பத்தைவிட, அதிர்ச்சிக்குப் பிறகு ஆதரவு கிடைக்காமல் போவதும் வாழ்க்கை நெருக்கடிகள் தொடர்வதுமே நோயோடு வலுவான தொடர்பு கொண்டிருந்தன. அதாவது, இப்போது நடப்பதற்குத்தான் அதிக எடை. "இன்னுமா பயம்?" என்று கேட்பவரைவிட, பேசாமல் பக்கத்தில் உட்காருபவர் உங்களுக்கு உதவுகிறார். அண்ணனிடம் இதைக் கேட்டே பெறுங்கள்.

அறிகுறிகள் ஒரு மாதத்தைத் தாண்டினாலே நிபுணரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள், கண்களை இடம் வலமாக அசைத்தபடி அதிர்ச்சி நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். இன்னொரு நல்ல வழி. முதல் அமர்விலேயே சிறுவயது வன்முறையைச் சொல்லிவிடுங்கள். விவரம் பிறகு வரட்டும், நடந்தது என்ற செய்தி போதும். அப்போதுதான் அமர்வுகளை நீட்டலாமா என்று நிபுணர் முடிவெடுக்க முடியும். அப்படி வளர்ந்தவர்களுக்கும் இந்தச் சிகிச்சை பலன் தருகிறது.

காரில் ஏறும் பயிற்சியை அவருடைய வழிகாட்டுதலில் படிப்படியாகச் செய்யுங்கள்: நின்றிருக்கும் காரில் உட்காருவது, எஞ்சினை ஓடவிடுவது, தெருமுனை வரை போவது. ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் கொடுங்கள். 80இல் தொடங்கினால் 40 அளவுக்கு இறங்கும்வரை அங்கேயே இருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை பதிந்துகொள்ளும், அடுத்த முறை ஏறுவது இன்னும் கடினமாகும்.

மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின் அல்லது பராக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து தரப்படலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், இடையில் நீங்களாக நிறுத்தாதீர்கள். டயஸிபாம், அல்பிரஸோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் இந்த நோய்க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பழக்கமாகிவிடும், மீள்வதையும் தாமதப்படுத்தலாம். தூக்கத்துக்காக மது வேண்டவே வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், அண்ணனையும் கூட அழைத்துக்கொண்டு.