ஐபி முகவரி கிடைத்தால் ஆள் கிடைத்துவிடுமா?

கேள்வி: மோசடிக்காரரின் ஐபி முகவரி தெரிந்த பிறகும் போலீஸ் விசாரணை ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது?

பதில்: ஐபி முகவரி என்பது இணைய இணைப்புக்குத் தரப்படும் எண்; அதை வீட்டு முகவரி போல நினைத்துவிடக் கூடாது. செல்போன் இணைப்பில் ஒரே பொது ஐபியை ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்துகொள்வது சாதாரணம். அதனால் ஒரே ஐபியில் உள்ள இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் நொடிக் கணக்கில் நேரமும் சேர்ந்தால்தான் இன்னாருடைய இணைப்பு என்று சேவை நிறுவனம் சொல்ல முடியும். சர்வர் பதிவுகள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றும்போது பிசகினால், சம்பந்தமே இல்லாதவர் வீட்டுக் கதவைத் தட்ட நேரும். இதைவிட அஞ்ச வேண்டிய தவறு இந்த விசாரணையில் இல்லை.

அந்தப் பதிவுகளும் சில காலம்தான் இருக்கும். விவரம் தெரிந்த அதிகாரி, தகவலைக் கேட்பதற்கு முன்பே 'அழிக்காமல் வையுங்கள்' என்று எழுதிவிடுவார். இணையக் குற்றங்கள் பற்றி 2001-இல் நாடுகளிடையே கையெழுத்தான புடாபெஸ்ட் ஒப்பந்தம் இதற்கு 90 நாள் வரை இடம் தருகிறது, நீட்டிக்கவும் செய்யலாம். உறுப்பு நாடு ஒவ்வொன்றிலும் 24 மணி நேரத் தொடர்பு மையம் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆனால் வெளிநாட்டு சர்வரில் உள்ள மின்னஞ்சலைப் படிக்க, பொதுவாக அந்த நாட்டின் சட்ட நடைமுறை வழியாகத்தான் போக வேண்டும். மாதங்கள் கரைவது அங்கேதான். உண்மையான ஐபியை மறைக்கும் விபிஎன் சேவை குறுக்கிட்டால், பணம் போன தடத்தைப் பிடிப்பார்கள். கிரிப்டோவாக மாற்றியிருந்தாலும் பிளாக்செயின் என்ற அதன் பதிவேட்டில் பரிமாற்றம் அழியாது; அதைக் காசாக்க, கிரிப்டோவை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுக்கு வரும்போது அடையாளச் சான்று கொடுத்திருந்தால் சிக்குவார்.

கேள்வி: கைப்பற்றிய போனை ஏன் தனி உறையில் போடுகிறார்கள்?

பதில்: சிக்னலைத் தடுக்கும் ஃபாரடே உறை அது. வெளியிலிருந்து யாரும் போனை அழித்துவிடாமல் காக்கும். சிக்னல் தேடித் தேடி சார்ஜ் இறங்கிவிடும் என்பதால் பவர் பேங்கும் உள்ளே வைப்பதுண்டு. அணைந்துபோனால் தரவின் பூட்டைத் திறக்கும் என்கிரிப்ஷன் சாவி நினைவகத்திலிருந்து போய்விடும். பிறகு பாஸ்வேர்டு இல்லாமல் திறப்பது பெரும்பாடு. ஹார்ட் டிஸ்க் என்றால் அதில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் மாட்டி நகல் எடுத்து, தரவிலிருந்து கணக்கிடும் ஹேஷ் மதிப்பைக் குறித்துவைப்பார்கள். ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

கேள்வி: புகாருக்கு ஸ்கிரீன்ஷாட் போதுமா?

பதில்: போதாது. பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்குச் சொல்லி நிறுத்தப் பாருங்கள். பிறகு பரிவர்த்தனை எண், இணைப்பின் முழு யுஆர்எல், மூல மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுங்கள். மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்தால் அது வந்த வழியைக் காட்டும் மூல ஹெடர் விடுபட்டுப்போகும். கோப்பாகச் சேமித்துத் தாருங்கள். பயத்தில் போனை ரீசெட் செய்யவே வேண்டாம்.