எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்

அன்புள்ள ஐயா,

எங்கள் குழுவுக்காக 70 நிமிட நாடகம் ஒன்று எழுதியிருக்கிறேன். மீனாவுக்கு இப்போது 46 வயது. 1988இல், சிங்கப்பூரின் தோ பாயோவில் மூவறை வீடு. அவளுடைய தாய்மாமா அங்குள்ள பாதுகாப்பறையில் (போர்க்காலத்தில் ஒதுங்க, இரும்புக் கதவுடன் வீட்டுக்குள் கட்டும் அறை) அவளிடம் தவறாக நடந்துகொண்டார். அம்மாவின் எழுபதாம் பிறந்தநாள் விருந்தில், கடைசிக் காட்சியில், அதைப் போட்டு உடைக்கிறாள். படித்துப் பார்த்தவர்கள் 15ஆவது நிமிடத்திலேயே ஊகித்துவிட்டார்கள். ரகசியத்தைக் கடைசிவரை காப்பாற்ற என்ன வழி?

- ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

காப்பாற்ற வேண்டாம். மாமா உள்ளே வரும்போது மீனா நாற்காலியை மாற்றி உட்கார்ந்தாலே அரங்கத்துக்குப் புரிந்துவிடும். 20ஆவது நிமிடத்தில் தெரியவிட்டுவிடுங்கள். மீதி 50 நிமிடமும் வேறொரு கேள்விக்கு: இந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு தெரியும்?

அந்தப் பாதுகாப்பறையை எடுத்துவிடுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் அது தொண்ணூறுகளில்தான் வந்தது, 1988இல் கிடையாது. எடுப்பது நாடகத்துக்கும் நல்லது. இரும்புக் கதவு இருந்தால் வீட்டார் அறியாதவர்களாகிவிடுகிறார்கள். மூவறை வீடென்றால் படுக்கையறை இரண்டுதான். மாமா ஹாலில் பாய் விரித்துப் படுத்திருப்பார், குளியலறைக்குப் போகிற யாரும் அவரைக் கடந்துதான் போகவேண்டும். அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை என்பதை நம்பவைப்பது கஷ்டம். கேட்டும் என்ன செய்தாள் என்பதுதான் உங்கள் நாடகம்.

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தாள் எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று வரி எழுதுங்கள்: இவருக்கு என்ன தெரியும், மற்றவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறார், பேச்சு அந்தப் பக்கம் போகாதிருக்க என்ன செய்கிறார். மூன்றாவது வரி காலியாக இருந்தால் அந்தப் பாத்திரம் அந்தக் காட்சியில் சும்மா நிற்கிறது. அம்மா சாப்பாடு பரிமாறுவாள், மீனாவின் தம்பி கைப்பேசியை எடுப்பான். முதல் இரண்டு வரிகள் காட்சிக்குக் காட்சி மாறவில்லை என்றால் கதை நகரவில்லை.

அவமானத்தைச் சமமாகப் பங்கு போட்டிருக்கிறீர்கள், எல்லாரும் அழுகிறார்கள். அது அப்படிப் பங்காவதில்லை. செய்தவர்தான் சிரித்துப் பேசுவார், எல்லாருக்கும் அங்பாவ் (அன்பளிப்புப் பண உறை) கொடுப்பார். மீனா தன்னையே நொந்துகொள்வாள். அம்மாவுக்கு இரட்டைச் சுமை: மகளைக் காக்கவில்லை, தன் தம்பியான அந்த மாமாவைக் காத்தாள். அவள் கோபமாக வெடிக்கட்டும், “இப்ப ஏன்டி இதைக் கிளறுறே?” என்ற ஒரு வரி உங்கள் இரண்டு பக்க அழுகையைவிடக் கனமானது.

மீனாவின் நான்கு பக்கத் தனிமொழி வழக்கறிஞர் வாதம்போல வரிசையாக இருக்கிறது. இத்தகைய நினைவு பெரும்பாலும் துண்டுதுண்டாகத்தான் வரும். கோடாலித் தைல வாசனை, மின்விசிறிச் சத்தம் என்று ஓரங்களிலிருந்து தொடங்கட்டும். செயலைக் குறிக்கும் சொல்லை அவள் சொல்லவே வேண்டாம். நடித்தும் காட்டாதீர்கள்.

மீனாவின் தம்பி “முப்பது வருஷத்துக்கு மேலாச்சு, இனி போலீஸ் என்ன பண்ணும்?” என்கிறான். சிங்கப்பூரில் குற்ற வழக்குக்குக் காலவரம்பு இல்லை. மீனாவுக்கு அது தெரிந்திருந்தால் அந்த மேசையில் எல்லாருடைய பயமும் மாறும்.

ஒத்திகையில் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்ல ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். தழுவல், தள்ளல் எல்லாம் நடன அசைவுபோல முன்கூட்டியே தீர்மானமாகட்டும். ‘அந்த நேரத்து உணர்ச்சி’க்கு விடுவது இயக்குநரின் சோம்பேறித்தனம். உரிமத்துக்குப் பிரதியைத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் நேரத்தோடு அனுப்புங்கள். எச்சரிக்கைக் குறிப்பு நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே தெரியவேண்டும். வன்முறை, துன்புறுத்தலுக்கான தேசிய உதவி எண் 1800-777-0000; அதை நிகழ்ச்சித் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள், அரங்க வெளிச்சம் போதாது.