பிரிட்டனில் தனி நம்பர் பிளேட்டை விற்பது: கேள்வி பதில்

பிடித்த எழுத்தும் எண்ணும் வரும்படி காருக்கு வாங்கி வைத்த பதிவு எண்ணை, அதாவது தனி நம்பரை, விற்பது பற்றி, பிரிட்டனில் இருக்கும் நம்மவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

ஹாரோவிலிருந்து: அண்ணா, பழைய காரை டீலரிடம் கொடுத்துவிட்டு புதுசு எடுக்கிறேன். அதில் இருக்கும் தனி நம்பரைப் பிறகு ஆறுதலாக விற்கலாமா?

கார் கைமாறும் முன் கழற்றியே ஆக வேண்டும். பிளாஸ்டிக் தகட்டைச் சொல்லவில்லை, பதிவைச் சொல்கிறேன். நம்பர் காரில் இருக்கும்வரை அதற்கான உரிமை அந்தக் காரின் கீப்பருக்குத்தான் (காரின் பதிவில் பெயர் இருப்பவர்). டீலர் கீப்பராகிவிட்டால் நம்பரும் அவருடையது.

வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு நிறுவனமான டிவிஎல்ஏவின் இணையதளத்தில், லாக்புக்கைக் (வி5சி என்ற காரின் பதிவுப் பத்திரம்) கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். கட்டணம் 80 பவுண்ட். கார் தானாக ஓடும் நிலையில் இருக்க வேண்டும். வரி கட்டியிருக்க வேண்டும் அல்லது சோர்ன் (காரை ரோட்டில் எடுக்கவில்லை என்ற அறிவிப்பு) கொடுத்திருக்க வேண்டும். முடிந்ததும் காருக்கு வேறொரு நம்பர் வரும், பெரும்பாலும் அதன் பழைய நம்பரே. உங்கள் பெயருக்கு வி778 என்ற பத்திரம் வரும். விற்கப்போவது அதில் இருக்கும் உரிமையைத்தான்.

இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லி, புதுத் தகடு மாட்டிய பிறகே காரை ரோட்டில் எடுங்கள். புது லாக்புக் தபாலில் வரும்வரை காரைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அதற்காக டீலரிடம் தேதியைத் தள்ளிக் கேளுங்கள், தருவார்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: கார் விற்று பத்து நாளாகிறது. நம்பரை எடுக்க மறந்துவிட்டேன். வழி இருக்கிறதா?

வாங்கியவர் மனசு வைத்தால் மட்டும். இப்போதைய கீப்பர் அவர். அவரே 80 பவுண்ட் கட்டிக் கழற்றி, உங்கள் காருக்கு மாற்றித்தர வேண்டும். செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் டிவிஎல்ஏ தலையிடாது.

நியூ மால்டனிலிருந்து: என் மகனின் பெயர் போலவே வாசிக்கக்கூடிய நம்பர். ஒரு விற்பனைத் தளம் 3,000 பவுண்ட் போகும் என்கிறது. நம்பலாமா அக்கா?

அது பட்டியல் விலை. உங்கள் நம்பரைத் தங்கள் தளத்தில் போட வைக்கத்தான் அந்த இலவச மதிப்பீடு. கேட்கும் விலை வேறு, யாரோ பணம் போட்டு வாங்கிய விலை வேறு. டிவிஎல்ஏ தன் தளத்தில் இன்னும் யாருக்கும் வழங்காத நம்பர்களை 250 பவுண்டிலிருந்து விற்கிறது. மாற்றும் கட்டணமும் அதிலேயே அடக்கம். உங்கள் நம்பரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அங்கே தேடுங்கள். கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று 399-க்குக் கிடந்தால், உங்களிடம் யாரும் 3,000 தரமாட்டார்கள்.

தமிழ்ப் பெயர் நம்பர்களுக்குச் சந்தை சின்னது. முழுப் பெயரை இழுத்துப் பிடித்து வாசிக்க வைக்கும் நம்பரைவிட, இரண்டு மூன்று இனிஷியலும் ஓர் ஒற்றை எண்ணும் வரும் நம்பர் சுலபமாகப் போகும். அதை ஆங்கிலேயரும் பஞ்சாபியும் கூட வாங்குவார்கள்.

நம்பரின் வயதையும் பாருங்கள். காரை உண்மையான வயதைவிடப் புதிதாகக் காட்டும் நம்பரைப் போட முடியாது. நடுவில் '11' வரும் நம்பர் 2011 மார்ச்சுக்கு முன் பதிவான காரில் ஏறாது. எஸ் எழுத்தில் தொடங்கும் பழைய வகை 1998 ஆகஸ்ட் முதல் பதிவான எல்லாவற்றிலும் ஏறும். வட அயர்லாந்து நம்பர்களில் ஆண்டே தெரியாது, எந்தக் காரிலும் போடலாம். வாங்குபவர் வட்டம் பெரிதாக ஆக, விலையும் பேச இடமிருக்கும்.

அவரே: அப்போ டிவிஎல்ஏ ஏலத்தில் விடலாமா?

முடியாது. அங்கே அவர்களுடைய நம்பர்கள் மட்டும்தான். 2014-இல் '25 ஓ' நம்பர் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் போனது என்று கேள்விப்பட்டுத்தான் பலர் இதைக் கேட்கிறார்கள்.

லெஸ்டரிலிருந்து: ஒருவர் வாங்கத் தயார். 'வி778 போட்டோவை அனுப்புங்கள், நம்பர் என் காரில் ஏறியதும் காசு போடுகிறேன்' என்கிறார். சரியா?

அனுப்பாதீர்கள். அந்தப் பத்திரத்தின் குறிப்பு எண்ணும் ஒரு லாக்புக்கும் கையில் இருந்தால் யாரும் இணையத்தில் சில நிமிடங்களில் நம்பரை ஏற்றிவிடலாம். ஏறிய பிறகு உரிமை அந்தக் காரின் கீப்பருக்கு. திருப்பி எடுக்க உங்களுக்குப் பட்டன் இல்லை, வக்கீல்தான்.

மாற்றிச் சொல்லுங்கள்: ஏற்றும் வேலையை நான் செய்கிறேன், உங்கள் காரின் பதிவு எண்ணையும் லாக்புக்கில் இருக்கும் 11 இலக்கக் குறிப்பு எண்ணையும் தாருங்கள். அவருக்கும் பயம் இருக்கும், நியாயம்தான். குறிப்பு எண்ணை மறைத்து வி778-ஐயும், அதே பெயரில் உங்கள் லைசென்ஸையும் காட்டுங்கள். முடிந்தால் நேரில் உட்காருங்கள். அவர் வங்கி மாற்றம் செய்யட்டும். உங்கள் சொந்த வங்கி ஆப்பில் பணம் வந்ததைப் பார்த்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே ஏற்றுங்கள். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் கணக்கில் சேராது. காசோலை வேண்டவே வேண்டாம். கணக்கில் ஏறியதுபோல் காட்டிவிட்டுப் பிறகு திரும்பும். அதிலும் விலையைவிடக் கூடுதலாக எழுதி 'மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்' என்றால் மோசடி என்று அடித்துச் சொல்லலாம்.

ஏற்றுவதற்கு முன் அவர் காருக்கு வரி அல்லது சோர்ன் இருக்கிறதா, வயது பொருந்துகிறதா என்று டிவிஎல்ஏ வாகனத் தேடலில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பாதிப் பேரம் இங்கேதான் நின்றுபோகிறது.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்றால் டீலர் மூலம் செய்யலாம். கமிஷன் எவ்வளவு, விற்காவிட்டால் கட்டணம் உண்டா, வேறிடத்தில் விற்கத் தடை உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

குரோய்டனிலிருந்து: அப்பா காலமாகிவிட்டார். வி778 அவர் பெயரில். நாங்கள் விற்க முடியுமா?

முடியும். உயிலை நிறைவேற்றுபவர் வி778, இறப்புச் சான்றிதழ், உயில் ஆகியவற்றோடு டிவிஎல்ஏவுக்கு எழுதி, யாருக்கு உரிமை போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். பத்திரத்தில் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். 10 ஆண்டுதான் செல்லும். தேதிக்கு முந்தைய 28 நாளில் இலவசமாகப் புதுப்பிக்கலாம். விட்டுவிட்டால் உரிமை போய்விடும். இழுப்பறையில் கிடக்கும் பத்திரங்களுக்கு இதுதான் பெரிய எதிரி.

வெம்பிளியிலிருந்து: என்னுடையது கம்பெனி பெயரில். கடையை மூடப் போகிறேன்.

கம்பெனியைக் கலைப்பதற்கு முன் விற்றுவிடுங்கள் அல்லது உங்கள் காருக்கு மாற்றிவிடுங்கள். கலைத்த பிறகு மிஞ்சும் சொத்தெல்லாம் அரசுக்குப் போகும், நம்பரும் அதில் சேர்த்தி. வாட் (மதிப்புக்கூட்டு வரி) பதிவு இருந்தால் விற்பனைக்கு 20 சதவீத வாட் உண்டு. விலை சொல்லும்போதே சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்லவ்விலிருந்து: விற்று முடித்துவிட்டேன். இன்னும் ஏதாவது?

பழைய தகடுகளை உடைத்துப் போடுங்கள். லண்டன் ஆட்டோ பே (லண்டனுக்குள் ஓட்டும் கட்டணம்), டார்ட் சார்ஜ் (டார்ட்ஃபோர்டில் ஆற்றைக் கடக்கும் கட்டணம்) கணக்குகளிலிருந்து அந்த நம்பரை அன்றைக்கே நீக்குங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் அங்கே போய்வரும் ஒவ்வொரு கட்டணமும் உங்கள் கார்டில் இறங்கும்.