முருங்கையில் ஏறிய கொடி: முதலில் இலையைக் கிள்ளிப் பாருங்கள்

கேள்வி: மதுரை திருநகரில் எங்கள் வீடு. ஐப்பசி மழைக்குப் பிறகு கொல்லை முருங்கையிலும் காம்பவுண்டுச் சுவரிலும் வெற்றிலை மாதிரி இலையோடு ஒரு கொடி கண்டபடி படர்ந்துவிட்டது. மரத்திலிருந்து நூல் நூலாகத் தொங்குகிறது. சுவரில் இருப்பதைக் கிள்ளினால் பால் வருகிறது, மரத்தில் இருப்பதில் வரவில்லை. மூலிகை வாங்க வருபவர், ‘இது சீந்தில், சுகருக்கு நல்லது, கஷாயம் போட்டுக் குடியுங்கள், மிச்சத்தை நான் வெட்டிக்கொள்கிறேன்’ என்கிறார். தோட்ட வேலைக்காரரோ விஷக்கொடி என்று சொல்லி, மருந்தடிக்க 3,000 ரூபாய் கேட்கிறார். எதை நம்புவது?

பதில்: அம்மா, இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். பால் வருகிறது, வரவில்லை என்று நீங்கள் கவனித்ததுதான் விடை. உங்கள் தோட்டத்தில் இருப்பது ஒரு கொடி அல்ல, இரண்டு.

சுவரில் இருப்பது பெரும்பாலும் வேலிப்பருத்தி. உத்தாமணி என்றும் சொல்வோம். இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும், தொட்டால் மெத்தென்று பூனைமயிர் தட்டும், கசக்கினால் நாற்றம் அடிக்கும். காய் இரட்டைக் கொம்பு போல, மேலெல்லாம் மெல்லிய முள்ளோடு வரும். வெடித்தால் பஞ்சு பறக்கும். அந்தப் பஞ்சோடு பறந்துதான் விதை உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. காய் வெடிக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தில் இருப்பது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், சீந்தில்தான். உறுதிசெய்ய முற்றிய தண்டு ஒன்றை எடுங்கள். மேல்தோல் காகிதம் போல உரிந்து, உள்ளே பச்சை தெரியும். தண்டில் மரு மருவாக இருக்கும். குறுக்கே வெட்டினால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி கோடுகள் தெரியும். இலை ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும், மயிர் இருக்காது. இத்தனையும் இருந்தால் பெரும்பாலும் சீந்தில். போன் ஆப்பில் இலையை மட்டும் படம் பிடித்தால் ஏதேதோ பேர் காட்டும். தண்டையோ பூவையோ காயையோ பார்க்காமல் கொடிக்குப் பேர் சொல்லக் கூடாது.

ஆனால் சீந்தில் என்று தெரிந்ததும் கஷாயம் வைத்துவிடாதீர்கள். 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. சீந்தில் போலவே இருக்கும் வேறு இனத்தைக் குடித்திருக்கலாம் என்றது. யார் சொன்னது சரியாக இருந்தாலும், வீட்டுக் கொல்லையில் பறித்து, அளவு தெரியாமல் குடிப்பது ஆபத்துதான். சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாயில் வைக்கவே கூடாது. மூலிகை வாங்க வருபவருக்கு உங்கள் சுகரைப் பற்றி என்ன அக்கறை? வேம்பில் படர்ந்தால்தான் உசத்தி என்பார், உங்கள் முருங்கையைப் பார்த்ததும் இதுவும் உசத்தி என்பார். ஓசியில் கொடி கிடைக்கிறது அவருக்கு.

மருந்தடிப்பவர் அதைவிட மோசம். கொடி முருங்கையோடு பின்னிக் கிடக்கும்போது களைக்கொல்லி அடித்தால், மரத்திலும் படும், நாளைக்கு நீங்கள் உருவும் கீரையிலும் இருக்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. இருந்தும் பேர் ஒட்டாத பாட்டிலில் ஊற்றி வீடு வீடாக வருகிறார்கள். யார் தடுக்கிறார்கள்? ஒருமுறை ஒரு அலுவலகத்துக்கு ஒரு கொடியைக் கொண்டுபோனேன். ‘இது பயிரா, களையா? களை என்றால் எங்கள் பிரிவு இல்லை’ என்று மூன்று மேசைக்கு அலைக்கழித்தார்கள். மாலையில் வெளியே வரும்போது கொடி வாடிவிட்டது.

இப்போது வெட்டும் முறை. மற்ற கொடிகளுக்கு அடியில் வெட்டினால் போதும், மேலே இருப்பது காய்ந்துவிடும். சீந்திலுக்கு இது நடக்காது, இதை நன்றாக மனதில் வையுங்கள். அடியை வெட்டிய பிறகும் மரத்தில் தொங்கும் தண்டு வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தன் ஈரத்திலேயே நூல்வேரை இறக்கும், அது மண்ணைத் தொட்டதும் மறுபடி துளிர்க்கும். நீங்கள் பார்க்கும் நூல்கள் அவைதான். சாகாத கொடி என்பதால்தான் அமிர்தவல்லி என்று பேர் வைத்தார்கள். வெட்டிய துண்டைக் கொல்லையில் போட்டாலும் முளைக்கும், குப்பைக்குழியில் போட்டாலும் முளைக்கும். ஆகவே அடியை வெட்டி, நூல்களை அறுத்து, மரத்திலிருந்து ஒரு துண்டு விடாமல் இறக்குங்கள். முருங்கைக் கிளை சட்டென்று முறியும், ஆளை மரத்தில் ஏற்றாமல் தொரட்டியால் இழுங்கள். இறக்கியதை மொட்டைமாடித் தளத்தில் வெயிலில் பரப்பி, தண்டு ஒடித்தால் ‘படக்’கென்று முறியும்வரை காயவிடுங்கள். அதற்குப் பிறகு குப்பைக்காரரிடம் கொடுக்கலாம்.

சந்தேகம் தீராவிட்டால், பூவோ காயோ உள்ள ஒரு முழம் கொடியைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகத்தை மேலே வைத்து அமுக்குங்கள். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலோ, பக்கத்தில் தாவரவியல் துறை உள்ள கல்லூரியிலோ காட்டலாம். பிடுங்கிய அன்றே பிளாஸ்டிக் பையில் திணித்துக் கொண்டுபோகாதீர்கள், அழுகிவிடும்.