சில நேரம் ஆன் ஆகிறது, சில நேரம் ஆகவில்லை: அசெம்பிள்ட் கம்ப்யூட்டருக்கு மதர்போர்டை மாற்ற வேண்டுமா?

நீங்களே பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த சிஸ்டம். ஒரு நாள் பட்டனைத் தொட்டதும் ஆன் ஆகிறது, இன்னொரு நாள் ஃபேன் லேசாக அசைந்து நின்றுவிடுகிறது. கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள். குறைந்தபட்சம் இந்த வாரம் மாற்றாதீர்கள்.

இந்நேரம் உங்கள் வீட்டில் யாராவது "பேசாம ஒரு லேப்டாப் வாங்கியிருக்கலாம்" என்று ஆரம்பித்திருப்பார்கள். எனக்கு மாமனார். "மாப்ள, கம்பெனி சிஸ்டமா வாங்கியிருந்தா அவனையே வந்து பாக்கச் சொல்லலாமில்ல?" என்பார், ஒவ்வொரு முறை வீட்டுக்கு வரும்போதும். அந்தக் கடுப்பில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது ஓசூரில். 2020இல் பெங்களூரு எஸ்.பி. ரோடில் ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி ராம் வாங்கி வந்து அசெம்பிள் செய்தேன். கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டி) 2013இல் வாங்கிய பழைய சிஸ்டத்திலிருந்து எடுத்தவை. "பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் புது போர்டில் போட்டதே தப்பு" என்று கமெண்டில் ஒருவர் வருவார், தெரியும். ஐயா, அது 550 வாட், கரண்டை வீணாக்காமல் ஓடுவதற்கான 80 பிளஸ் வெண்கலத் தரச் சான்று வாங்கியது, அந்த போர்டுக்குத் தாராளம். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அன்றைய பட்ஜெட்டில் இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

அப்புறம் ஒரு டிசம்பரில் ஆரம்பித்தது. காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு துடி துடித்து நிற்கும். திரும்பத் திரும்ப அழுத்தினால் எப்போதாவது பிடித்துக்கொள்ளும். ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் நாள் முழுக்க ஓடும், ரீஸ்டார்ட் செய்தாலும் பிரச்சினை இல்லை.

வீட்டுக்கு வந்த சர்வீஸ் பையன் செய்தது நம் ஊர்களில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான். ராமைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, திரும்பப் போட்டான். சுவரிலிருந்து பிளக்கைக்கூட எடுக்கவில்லை. (அப்படிச் செய்யாதீர்கள். பிளக் செருகி சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை சப்ளை இருந்துகொண்டே இருக்கும்.) உடனே ஆன் ஆனது. காசு வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் காலை பழைய கதைதான்.

விட்டு விட்டு வருகிற கோளாறில் கடைசியாக எதைச் செய்தோமோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. ரப்பர், சிமாஸ் பேட்டரி, பயாஸ் அப்டேட், எதைச் செய்து முடித்தாலும் அதற்குள் நேரம் போயிருக்கும், சிஸ்டம் கொஞ்சம் சூடாகியிருக்கும், தானாக ஆன் ஆகிவிடும். ரப்பரை நான் கேலி செய்யவில்லை. ராம் சரியாக உட்காராமலோ, காலில் அழுக்குப் படிந்தோ இருந்தால் கழற்றிப் போடுவதிலேயே சரியாகிவிடும். ஆனால் அது நிஜமாகவே ராம் பிரச்சினையாக இருக்க வேண்டும். ராம் பிரச்சினையில் பொதுவாக ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், டிஸ்ப்ளே மட்டும் வராது. ஃபேன் துடித்து நிற்பது வேறு ஜாதி.

கடைக்குக் கொண்டுபோனபோதும் இதே கூத்து. முதல் தடவை ஆன் ஆகவில்லை. பிளக்கில் போட்டு வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் அதன்பின் ஒவ்வொரு முறையும் ஆன் ஆனது. "போர்டு வீக் ஆயிடுச்சு சார், 8,000 ஆகும்" என்றார். போர்டு வீக் என்றால் என்ன என்று கேட்டேன். வீக் என்றால் வீக்தான்.

இன்னொருவர் எர்த்திங் சரியில்லை என்றார். அதில் ஒரு உண்மை இருந்தது. கேபினட்டைத் தொட்டால் விறுவிறுவென்று ஷாக் அடிக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் கேபினட்டுக்குப் போகின்றன. எர்த் இணைப்பு இல்லையென்றால் கேபினட் கிட்டத்தட்ட 115 வோல்ட்டில், அதாவது 230இல் பாதியில், மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் விறுவிறுப்போடு போய்விடுகிறது. ஹவுஸ் ஓனரிடம் எர்த்திங் போட்டுத் தரச் சொன்னேன். "இதுக்கு முன்னாடி குடியிருந்தவங்க யாருமே இப்படிக் கேட்டதில்லையே தம்பி" என்றார். அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே ரேட்டாக 9 ரூபாய் வாங்குவதையே யாரும் கேட்டதில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசாங்கம் கொடுக்கிறது. நாலு போர்ஷன் இருக்கிற வீட்டில் அந்த 100 யூனிட் யாருக்குப் போகிறது என்று கேட்டால் நாம் வம்பு பிடித்த ஆள். தனி மீட்டர் கேட்டால் "நீங்க எத்தனை வருஷம் இருக்கப் போறீங்க?" சரி, விடுங்கள். கடைசியில் என் செலவில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் ராட் இறக்கினேன். ஷாக் நின்றது. ஆனால் காலைப் பிரச்சினை அப்படியே இருந்தது.

அதன்பிறகுதான் கையில் ஸ்குரூ டிரைவரை எடுப்பதை நிறுத்திவிட்டு, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே தினமும் ஆன் ஆனதா இல்லையா என்று குறித்து வந்தேன். மூலக்காரணத்தைப் பிடித்தது என் மனைவிதான். "நல்லா ஆன் ஆன அன்னிக்கெல்லாம் முந்தின நாள் ராத்திரி நான் சுவிட்சை அணைக்க மறந்திருக்கேன்ங்க" என்றாள். பார்த்தால் அப்படியே பொருந்தியது. சுவரில் சுவிட்ச் ஆனில் இருந்த இரவுக்கு மறுநாள் காலை ஒரே அழுத்து. அணைத்த இரவுக்கு மறுநாள் திண்டாட்டம்.

இது சிமாஸ் பேட்டரியாகவும் இருக்கலாம் என்று தோன்றும். சுவிட்சை அணைத்ததும் போர்டின் கடிகாரம் அந்தச் சின்ன சிஆர்2032 பேட்டரியில்தான் ஓடுகிறது. ஆனால் எனக்குத் தேதி, நேரம் ஒருநாளும் தவறவில்லை, மல்டிமீட்டரில் 3 வோல்ட் முழுதாகக் காட்டியது. அதை ஒதுக்கிவிட்டு, நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கிப் போட்டேன். தினமும் இரவு வேண்டுமென்றே சுவிட்சை அணைத்தேன், தினமும் காலையில் ஆன் ஆனது. இதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். பழையதைத் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்டினேன், கோளாறும் திரும்பி வந்தது. அப்போதுதான் நம்பினேன்.

டிவி மெக்கானிக் ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே எஸ்எம்பிஎஸ்ஸை இயக்குகிற சிப்புக்கு, அதாவது கன்ட்ரோல் ஐசிக்கு, சப்ளை தாங்கிப் பிடிக்கிற ஒரு சின்ன எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருந்தது. இந்த வகைக் கெப்பாசிட்டர் வயதாக ஆக உள்ளே இருக்கும் திரவம் வற்றி அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், குளிரில் இன்னும் ஏறும். ஓசூர் டிசம்பர் காலையில், ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்தபின் அழுத்தினால், மெயின் சர்க்யூட் கிளம்புகிற நொடியில் ஐசிக்கு வோல்டேஜ் சரிகிறது, ஐசி படுத்துவிடுகிறது. அதுதான் அந்த ஒரு துடி. சுவிட்ச் ஆனிலேயே இருந்தால் ஸ்டாண்ட்பை சூட்டில் அது தாக்குப்பிடிக்கிறது. சில ரூபாய் பெறாத சாமான், பழி 8,000 ரூபாய் போர்டின் மேல். நான் புது எஸ்எம்பிஎஸ் வாங்கிவிட்டேன். அந்த போர்டில்தான் இதை டைப் செய்கிறேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க வேண்டாம். பெரிய கெப்பாசிட்டரில் 380 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும், பிளக்கை எடுத்தபின்னும் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். பச்சை ஒயரையும் கறுப்பையும் ஷார்ட் செய்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கிற யூடியூப் டெஸ்ட்டையும் பெரிதாக நம்பாதீர்கள். லோடு இல்லாமல் ஃபேன் சுற்றுவது எதையும் நிரூபிக்காது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருந்தால் ஏடிஎக்ஸ் (கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்கான பொது விதி) கணக்கில் பாஸ். ஆனால் என்னுடையது ஓடும்போது அதில் அழகாகப் பாஸ் ஆனது.

உங்களுடையது வேறு கோளாறாகவும் இருக்கலாம், நான் ஒன்றும் ஜோசியன் இல்லை. கேபினட் பவர் பட்டனே தேய்ந்திருக்கலாம். போர்டிலிருந்து அந்த ஒயரைக் கழற்றி, அந்த இரண்டு பின்னை ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், ஒழுங்காக ஆன் ஆனால் செலவு பட்டனோடு போகும். ரைசன் 7000 மாதிரி டிடிஆர்5 வகை ராம் போட்ட சிஸ்டம் என்றால், முதல் தடவை ஆன் செய்யும்போதும் ராம் மாற்றியபோதும் மெமரி டிரெய்னிங் (போர்டு ராமோடு ஒத்துப்போகத் தன்னைச் சரிசெய்துகொள்வது) ஓடும், பல நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். அதைக் கோளாறு என்று நினைத்து நடுவில் அணைப்பவர்கள் ஏராளம். போர்டில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று குட்டி எல்இடி இருந்தால் எதில் நிற்கிறது என்று பாருங்கள். ராம் வேகத்தைக் கூட்டுகிற எக்ஸ்போ, எக்ஸ்எம்பி செட்டிங் எதையாவது போட்டிருந்தால் எடுத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ராம் என்றால் பொதுவாக சிபியு பக்கத்திலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள்.

கடன் வாங்கி சோதிப்பதானால் எஸ்எம்பிஎஸ்ஸோடு அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாடுலர் வகையில் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் வேறு. பொருந்துகிறதே என்று உங்கள் பழைய கேபிளைச் செருகி ஆன் செய்தால் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் புகைந்துபோகலாம்.